காலியிடத்தில் ஓர் இட்லிக் கடை

கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது என் தொழில்; அதாவது, ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயத்தைப் பற்றி எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்பது. அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

நாள் குறித்த கதை

கிரிவலப் பாதையில் சேரும் இலைத்தட்டையும் மிச்சச் சாப்பாட்டையும் உரமாக்கும் பசுமைத் திட்டம் அது. அடி அண்ணாமலையில் அதற்கு ஒரு கூடம் கட்ட வேண்டும். கடைக்காரர்களிடம் கருத்துக் கேட்க அலுவலகம் நாள் குறித்தது. குறித்த நாள் பௌர்ணமி. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு பௌர்ணமியை மறக்கத் தனித் திறமை வேண்டும். வரிசையாக நாற்காலி போட்டு, நானும் டீ கேனும் மட்டும் காத்திருந்தோம்.

"யாரும் ஆட்சேபிக்கலைன்னு எழுதிடுங்க" என்றார் அதிகாரி. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் இட்லிக் கடை செல்வியக்காவைத் தேடிப் போய், ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"பௌர்ணமிக்குக் கூப்ட்டா அண்ணாமலையாரே வரமாட்டாருங்க மேடம், அவருக்கும் அன்னிக்குத்தான் ஜாஸ்தி கூட்டம்."

வரைபடம்

கையோடு கொண்டுபோன வரைபடத்தை அவரிடம் விரித்துக் காட்டினேன். கூடம் வரப்போகும் இடத்தில் அவர் விரலை வைத்தார். அது பௌர்ணமிதோறும் அவர் தள்ளுவண்டி போடும் இடம். மற்ற நாளெல்லாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை. மகளின் நர்சிங் படிப்பு ஓடுவது அந்தப் பௌர்ணமி வியாபாரத்தில்தான். வரைபடத்திலோ 'காலியிடம்' என்று போட்டிருந்தது. அளந்தவர்கள் வந்தது அமாவாசையை ஒட்டிய ஒரு மத்தியானம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தாளைப் பத்துப் பிரதி எடுத்ததே நான்தான்.

"நாங்க இல்லாத நாளா பாத்து வந்துட்டு, யாருமே இல்லன்னு எழுதிக்கினு போய்ட்டீங்களே!"

நடந்து வந்த அதிகாரி

விடுவேனா? அடுத்த பௌர்ணமி சாயங்காலம் அதிகாரியைக் கையோடு அழைத்து வந்தேன். போலீஸ்காரர் எங்கள் ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். பாவம், கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்த அதிகாரி, செல்வியக்கா வண்டியில் நாலு இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்னி ஊற்றிக்கொண்டே கருத்துக்கேட்பு நடந்தது. பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் புறம்போக்கில் கூடம் கட்டுங்கள், இலையை நாங்களே பிரித்துப் போடுகிறோம் என்றார்கள் கடைக்காரப் பெண்கள்.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். அந்தக் காலியிடத்தில் கால் வைக்க இடமில்லை. "சரி, இடத்த மாத்திடலாம். ஆனா கட்டடம் கவர்மெண்டுது, சாவி ஆபீஸ்லதான் இருக்கும்" என்றார். செல்வியக்கா அடுத்த ஈடு இட்லியை எடுத்தபடியே பதில் சொன்னார்.

"கட்டடம் உங்களுதாவே இருக்கட்டும் சார், சாவி எங்ககிட்ட இருந்தாத்தான் ராத்திரில குப்பை உள்ள போவும்."

இப்போது பெயர்ப்பலகை அரசாங்கத்துடையது, ஒரு சாவி ஆபீஸில், இன்னொன்று செல்வியக்காவின் இடுப்பில். எந்தச் சாவியால் கூடம் திறக்கிறது என்று ஆபீஸும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.