பிராதை எடுக்கச் சொன்னது நான்தான்

மனநல சமூகப் பணியாளர் என்று என் அறை வாசலில் பலகை தொங்கியது. விருத்தாசலத்தில் அதை யாரும் படித்ததில்லை. "புத்திமதி சொல்ற சாரு" என்றால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். புத்திமதி சொல்லக்கூடாது என்பதுதான் இரண்டு வருடப் படிப்பில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மதுக்கடை நடத்தியதும் அரசாங்கம், குடிப்பவரைத் திருத்த எங்கள் மையத்துக்கு மானியம் தந்ததும் அரசாங்கம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டிய அந்த வேலையில், தொட்டில் என் பொறுப்பில் இருந்தது.

அப்போது கோர்ட்டிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். பீங்கான் பட்டறையில் சூளை அடுக்குபவர். குடித்துவிட்டு மனைவியை அடித்ததற்காக உள்ளே போய், ஜாமீனில் வந்திருந்தார். வாரம் ஒருமுறை என்னிடம் வர வேண்டும். மூன்று மாதம் கழித்து, அவர் மனைவியோடு இருக்கத் தகுந்தவரா என்று நான் அறிக்கை தர வேண்டும். அதுவரை அந்த அம்மா கருவேப்பிலங்குறிச்சியில் தாய் வீட்டில் இருந்தார்.

முதல் வாரமே மனிதர் குடியை நிறுத்திவிட்டார். என் திறமையை நினைத்து எனக்கே புல்லரித்தது. சார்ட் பேப்பரில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, குடிக்கும் ஆசை எப்படிச் சுற்றி வருகிறது என்று விளக்கினேன். பன்னிரண்டு வாரமும் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அறிக்கைக்காக மனைவியை அழைத்துப் பேசியபோதுதான் சங்கதி வெளியே வந்தது. "முருகங்கிட்ட பிராது கட்டியிருக்கேன் சார். அதான் அடங்கிக் கெடக்கறாரு" என்றார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். குறையை மனுவாக எழுதிக் கோயிலில் கட்டிவிட்டால் சாமி விசாரிப்பார். காரியம் முடிந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தொண்டை வறளப் பேசியவன் நான், பேர் வாங்குவது சாமியா? "பயத்துல நிறுத்துறது குணமாகுறது இல்லம்மா. அவரா நிறுத்தணும். பிராத எடுத்துடுங்க" என்றேன். அதைவிட நல்ல புத்திமதியை நான் யாருக்கும் சொன்னதில்லை என்று அன்று நம்பினேன்.

"சரிங்க சார். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மறுநாளே வாபஸ் வாங்கிவிட்டார். 'தானாகவே மனம் மாறியுள்ளார், சேர்ந்து வாழலாம்' என்று நான் நாலு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். அறிக்கை நன்றாக இருப்பதாகக் கோர்ட்டில் பாராட்டு வேறு கிடைத்தது.

அந்த அம்மா கணவர் வீட்டுக்குத் திரும்பிய எட்டாம் நாள், அந்த மனிதர் குடித்துவிட்டு வந்து அவருடைய கையை உடைத்தார். போலீஸ் மறுபடி பிடித்துக்கொண்டு போனது.

மாவுக்கட்டோடு அந்த அம்மா என் அறைக்கு வந்தார். குணமாகிறவர்கள் இடையில் சறுக்குவது சகஜம் என்று எங்கள் தொழிலில் ஒரு சமாதானம் உண்டு. அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை என் மேசையில் வைத்தார்.

"சோத்துக்கை சார், எழுத வரல. அவரு வெளிய வர்றதுக்குள்ள கட்டிடணும். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எதனால் அடித்தார், எத்தனை முறை அடித்தார், பிள்ளைகள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்பதெல்லாம் அரைப் பக்கத்தில் வந்துவிட்டது. என் நாலு பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதத்தில் இவற்றை நான் கேட்கவே இல்லை.

தாளை மடிக்கப் போனேன்.

"இருங்க சார், ஒரு வரி வுட்டுப்போச்சு. மொதல்ல கட்டுன பிராத, சாரு பேச்சக் கேட்டு எடுத்தது என் தப்பு, மன்னிச்சுக்கப்பான்னு எழுதுங்க."

"அது உங்க தப்பு இல்லம்மா" என்றேன்.

"நான் சொல்றத எழுதுங்க சார்."

அவர் சொன்னபடியே எழுதினேன். அவர் இடது பெருவிரலை என் மேசையிலிருந்த மையில் ஒற்றி, அந்த வரிக்குக் கீழே ரேகை வைத்தார்.