தம்பி அனுப்பிய நுரைப்பால்

என் தம்பி ரயில் நிலையத்துக்குள் இருக்கும் காபிக் கடையில் காபி போடுகிறவன். சின்ன வயசிலிருந்தே வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பான். ஆவிக் குழாயைப் பாலுக்குள் விட்டு அவன் எழுப்புகிற நுரை, கோப்பைக்குத் தொப்பி வைத்த மாதிரி நிற்கும். எனக்கு அதில் பெருமைதான். அவனிடம் சொல்லித் தொலைத்ததில்லை.

அவனுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள் குட்டி. பசும்பால் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து கன்னமெல்லாம் தடித்துச் சிவந்தது. வயிறு உப்பி, பேதியாகப் போனது. பால் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கொஞ்ச நாள் எந்த ரூபத்திலும் உள்ளே போகாமல் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், ஆனால் தாயும் பால், வெண்ணெய் தொடக்கூடாது. பாதாம் பால் பாதிக்கு மேல் தண்ணீர், அரிசிப் பால் இந்த வயசுக்கு வேண்டாம், கால்சியம் சேர்த்த சோயாப் பாலைக் கொடுத்துப் பாருங்கள் என்றார்.

தம்பி மனைவி கண்ணும் கருத்துமாக இருந்தாள். பிஸ்கட் வாங்கினால்கூடப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படிப்பாள். தன் காபியைக் கறுப்பாக, முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

குட்டியோ சோயாவைத் தூவென்று துப்பினாள். அப்போதுதான் தம்பி, நான் பார்த்துக்கறேன் என்று புகுந்தான். டப்பாவைக் கடைக்கே எடுத்துப் போய், இதமாகச் சுட வைத்து, நுரை கட்டி, ஃபிளாஸ்கில் ஊற்றி யாரிடமாவது கொடுத்தனுப்பினான். குட்டி வெள்ளை மீசையோடு குடித்தாள். வீடே சிரித்தது. ஆனால் பேதி நிற்கவில்லை. சோயாவும் ஆகாது போல என்று ஓட்ஸ் பாலுக்கு மாறினோம். அதற்கும் அதே கன்னம், அதே அழுகை. குழந்தை துரும்பாக இளைத்தாள்.

"எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு அண்ணி. மாறாம இருக்கிறது என் பால் ஒண்ணுதான்" என்றாள் தம்பி மனைவி.

டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய் என்றேன். பெற்ற மனசு பொறுக்குமா? அன்றைக்கே குட்டி குடிக்க முடியாதபடி மார்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அடுத்த அறையில் போய்ப் படுத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் குட்டி, அந்தப் பக்கம் அவள், இரண்டு பேரும் அழுதார்கள். யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் நான் தம்பியைப் பிடித்துத் திட்டினேன். அவன் என்ன செய்வான், பாவம். குட்டி ஒருவழியாகத் தாய்ப்பாலை மறந்தாள். பேதி மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை என்று நானே ஃபிளாஸ்க் வாங்கப் போனேன். தம்பி யாருக்கோ பசும்பாலில் நுரை எழுப்பினான். குழாயை ஈரத்துணியால் ஒரு துடை. அடுத்து அதே குழாயைக் குட்டியின் ஓட்ஸ் பாலுக்குள் விட்டான். துணியே பாலில் ஊறிக் கிடந்தது. எனக்குப் பகீர் என்றது.

"டேய், அந்தக் குழாய்ல ஒட்டியிருக்கிறது என்னடா?"

குழாயைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். துடைத்துவிட்டால் சுத்தம், அவன் தொழிலில் அவ்வளவுதான். முகம் வெளுத்துவிட்டது. வரிசையில் நின்றவர் இன்னும் எவ்வளவு நேரம் என்று சிடுசிடுத்தார். தம்பி குட்டியின் பாலைத் தொட்டியில் கொட்டினான்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. புதுப் பாத்திரம் வாங்கி வீட்டு அடுப்பிலேயே ஓட்ஸ் பாலைக் காய்ச்சினோம். கொஞ்ச நாளில் கன்னம் தெளிந்தது, பேதி நின்றது. காட்டப் போனபோது, தாய்ப்பாலில் எந்தக் குறையும் இல்லை, நீங்களாக ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி குட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். தம்பி கதவருகிலேயே நின்றான். சற்று நேரத்தில் குட்டி மட்டும் தத்தித் தத்தி வந்து அடுப்பைக் காட்டினாள். பின்னாலேயே அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

"ரெண்டு தடவை உறிஞ்சிப் பாத்தா அண்ணி. வத்திப் போச்சு, ஒண்ணும் வரலை. அவ அழக்கூட இல்லை. இறங்கி வந்துட்டா."

தம்பி ஓட்ஸ் பாலை அடுப்பில் சுட வைத்தான்.