மெஷின் மேல் போட்ட பழி

பச்சைக் கொழுந்து அரைபடும் வாசம் இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு மாமாவின் சட்டைதான் நினைவுக்கு வரும். அம்மாவின் ஒரே தம்பி. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசைக் குடியிருப்பான லயத்தில் எங்களோடுதான் இருந்தார். பேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷின் வேலை. மழையில் நனையாத வேலை என்பதால் கொஞ்சம் மிதப்பு. பவுடர் போட்டுக்கொண்டுதான் போவார்.

இருபத்தைந்து வயதுக்குள் காது மந்தமானது. "மெஷினுதான் காதத் தின்னுருச்சு" என்றாள் அம்மா. லயத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மாமாவை மலை வேலைக்கு மாற்றச் சொல்லி, தெரிந்த இங்கிலீசையெல்லாம் கொட்டித் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் எழுதினேன். மாற்றினார்கள். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறிய அன்று மாமா சொன்னார்: "நல்லா எழுதிருக்கடா, வக்கீலு. இனி மழையில ஊறி ஊறிக் காது தொறந்துரும்."

திறக்கவில்லை. இரண்டு வருடத்தில் முகமும் காலும் வீங்கின. உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார்.

"காது மெஷினு சத்தத்துல போச்சுங்க" என்றேன்.

"குடும்பத்தில வேற ஆருக்கும் காது கேக்காமப் போனதோ, தம்பி?"

"அம்மாவோட தாய்மாமனுக்குங்க. அவரும் ஒடம்பு வீங்கித்தான் செத்தாராம்."

"அவரும் பேக்டரியோ?"

"இல்லீங்க. கடைசிவரைக்கும் கவ்வாத்து வெட்டுனவரு."

"அப்ப அவற்ர காதை எந்த மெஷின் திண்டது?"

டாக்டரம்மாவே விளக்கினார். இரத்தத்தை வடிகட்டும் சவ்வுக்கும் உள்காதுக்கும் ஒரே புரதம்தான் ஆதாரமாம். அதைச் செய்யும் மரபணுவில் பிழை. தாய் பெரிதாக நோய்ப்படாமலே மகனுக்குக் கொடுத்துவிடுவாளாம். "நீங்களும் சிறுநீர் குடுத்திட்டுப் போங்கோ" என்றார்.

காதுகுத்தோ கல்யாணமோ, எங்களுக்கு எதிலும் மாமன்தான் முன்னால் நிற்க வேண்டும். இதிலும் அப்படித்தானா என்று பஸ் பசறை தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. "எங்க அம்மா வழியா வந்தது, என் வயித்து வழியாவும் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. என் சிறுநீரில் இரத்தத்தின் சுவடே இல்லை. நோய் இருந்திருந்தால் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சுவரோரம் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"என்னாடா? ஒனக்குமா?"

அவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். எனக்கு இல்லை என்று அவரிடம் கத்த வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், இல்லையென்று.

மாமா அம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, அழுதது போதும். பய காலையிலருந்து ஒண்ணும் சாப்புடல. சோத்தப் போடு" என்றார்.