மாங்குளம் சந்தியில் தவமலர்

"அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா அண்ணை. காய்ச்சல் மூளைக்கு ஏறிட்டுதாம். நாளைக்கு எடுக்கிறம், உங்களாலை வரேலுமோ?"

கிளிநொச்சியிலிருந்து தவமலரின் தம்பி தொலைபேசியில் கேட்டபோது நான் வவுனியாவில் இருந்தேன். போரால் பாதை மூடியிருந்தது. அது அவனுக்கும் தெரியும், இருந்தும் கேட்டான். தவமலருடன் வீதி வேலைகளில் இருந்த, இதை வாசிக்கும் நீங்களும் ஆளுக்கொரு திசையில் இருந்தே அழுதிருப்பீர்கள்.

சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்து லொறிகள் பெருகியபோது, மாங்குளம் சந்திக்கு ஒரு சுற்றுவட்டம் வடிவமைக்கும் வேலை வீதிப் பொறியியலாளர்களான எங்கள் இருவருக்கும் வந்தது. வாகனங்கள் எவ்வளவு நேரம் காத்து நிற்கும் என்பதைக் கணினியில் ஓடும் கணிப்பு மாதிரியொன்று முன்கூட்டியே சொல்லும். முல்லைத்தீவு வீதியில் பெரிய தாமதம் இராது என்றது அது. தவமலர் நம்பவில்லை. வட்டத்துக்குள் நுழைய, ஓடும் வாகனங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற அதன் கணக்கு, வெளிநாட்டுக் கார்களை வைத்துப் போட்டது.

"நெல்லு ஏத்தின உழவு மெசின் அந்த இடைவெளிக்குள்ளை நுழையேலுமோ? அசையவே அவ்வளவு நேரம் போயிடும்" என்றார். நாட்கணக்காக வெயிலில் நின்று, உழவு இயந்திரமும் லொறியும் ஓட்டும் எங்கள் சாரதிகள் எந்த இடைவெளியை விடுகிறார்கள், எதில் நுழைகிறார்கள் என்று அளந்து மாதிரியைத் திருத்தினார். திருத்திய கணக்கில் முல்லைத்தீவு வீதியின் தாமதம் பல மடங்கானது.

தவமலர் கேட்டபடி அந்த வீதியின் நுழைவழியை அகலமாக்கினால் காணி எடுக்க வேண்டிவரும் என்று மேலதிகாரி சினந்தார். "சராசரி பாத்தால் பிழையில்லைத்தானே, பிள்ளை?"

"சராசரியிலை நோயாளி வாறேல்லை, ஐயா. அம்புலன்ஸ் மெசினுக்குப் பின்னாலைதான் நிக்கும்."

கடைசியில், தார்ப் பீப்பாக்களை வட்டமாக அடுக்கி ஒரு காலைப் பொழுது வாகனங்களை ஓடவிட்டுப் பார்க்க மேலதிகாரி சம்மதித்தார். அன்று முல்லைத்தீவு வீதியால், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிவந்த அம்புலன்ஸ் வரிசைக்குள் மாட்டிக்கொண்டது. தவமலர் ஓடிப்போய்ப் பீப்பாக்களை உருட்டி வழிவிட்டார். மேலதிகாரியும் ஜீப்பிலிருந்து இறங்கி உருட்டினார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பின்னேரமே அகலமான நுழைவழிக்கு ஒப்பம் கிடைத்தது. தவமலருக்கு அதில் மகிழ்ச்சியில்லை. "நான் சொன்னது சரியெண்டு காட்ட அந்தத் தாய் கத்தியிருக்க வேண்டாம்" என்று கண்ணைத் துடைத்தார்.

பிறகு திரும்பவும் போர் வந்தது. சுற்றுவட்டம் கட்டப்படவில்லை. நான் வவுனியாவுக்கு வந்தேன்; தன் நோயாளித் தாயை விட்டு வர மாட்டேன் என்று தவமலர் கிளிநொச்சியிலேயே நின்றுவிட்டார்.

சந்தி பார்க்கப் போனால் நாங்கள் நடுவில் நிற்போம். தவமலரோ வாகன வரிசையின் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் நின்று, அந்த ஆளோடு நகர்ந்து வருவார். அந்தப் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. போன கிழமை வவுனியாவில் ஒரு சந்திக்குப் போனபோது என் கால்கள் தாமாக வரிசையின் கடைசிக்குப் போயின. அங்கே சைக்கிளோடு நின்ற கிழவர் கேட்டார்: "ஆரைத் தம்பி தேடுறீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை, ஐயா" என்று சொல்லி, அவரோடு நகர்ந்தேன்.