மைத்துனரை முந்தும் வழி

தேநீர்க் கடை வாசலில் நிற்கும் சிவப்பு வண்டியின் எஞ்சினுக்கு மேலே, காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையைக் காட்டுகிறார் அந்த விற்பனையாளர். "சூடே இல்ல. வந்து ரொம்ப நேரமாச்சு. அவசரப்படாம உக்காந்திருக்கான்னா தூரமா எங்கேயும் போகப்போறதில்ல." பிறகு ஒன்றுமறியாதவராக உள்ளே நுழைகிறார். வண்டி அவருடைய மைத்துனருடையது, அதாவது மனைவியின் தம்பியுடையது. இருவரும் கடை கடையாகச் சோப்பு விற்பவர்கள். கம்பெனிகள் வேறு.

அந்த வட்டாரத்துக் கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் நாள், கண்ணுக்கு நேரான மேல்தட்டு முதலில் வந்து சேரும் விற்பனையாளருக்கு. மாதம் முழுக்க அது அவருடையது. பிந்தி வருபவரின் சோப்பு கீழே, துடைப்பங்களுக்குப் பக்கத்தில்.

ஆகவே தூரத்தைப் பார்த்து வழி போடுவது அவருக்குக் கேவலம். "வரிசையா போக நான் என்ன தபால்காரனா? மொட்டைத்தலை கடையில மச்சானுக்குப் பழைய சண்டை. அங்க சாயங்காலமா போனாலும் தட்டு காத்திருக்கும். அவன் எதுக்கு ஆசைப்படறானோ, அங்கதான் முதல்ல ஓடணும்." இதைக் கணக்கு என்று ஒப்புக்கொள்வது கடினம். வெறும் ஊகம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

கம்பெனி கொடுத்த பச்சைத் தொப்பி, மைத்துனர் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளாதபடி, பைக்குள்ளேயே இருக்கும். கடைக்குள் நுழைந்த பிறகுதான் தலைக்கு ஏறும். சாப்பாட்டு மேசையில் டம்ளர்களும் டப்பாக்களும் கடைகளாகிவிடும். மனைவி உப்பை எடுக்கக் கை நீட்டினால், "அது பெரிய கடைம்மா, தொடாத!" என்பார்.

இந்த மாதம் விளையாட்டல்ல. பாதிக் கடைகளிலாவது மேல்தட்டைப் பிடிக்காவிட்டால் மலைப்பக்கம் மாற்றல் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"அங்க ஒரே கடை, ஒரே சோப்பு. போட்டிக்குன்னு ஒரு ஆள் கிடையாது. நான் செத்தே போயிடுவேன்."

"பொண்டாட்டிய விட்டுட்டு இருக்கணுமேன்னு ஒரு வார்த்தை வருதா பாரு!"

"அது சரி, உன் தம்பி நாளைக்கு எந்தப் பக்கம் போறானாம்?"

"அவன் உங்களக் கேக்கறான், நீங்க அவனக் கேக்கறீங்க. நான் என்ன டிராபிக் போலீசா?"

முதல் தேதி காலையில் அவர் இப்படி யோசித்தார்: மைத்துனர் பெரிய கடைக்குத்தான் பாய்வார்; அதை விட்டுக்கொடுத்துவிட்டுக் கோடியிலிருக்கும் குட்டிக் கடையிலிருந்து வாரிக்கொண்டு வரலாம். மைத்துனரும் அட்சரம் பிசகாமல் அதையே யோசித்திருந்தார். அலமாரியென்று சொல்லத் தகாத ஒரு பலகைக்கு முன்னால் இருவரும் மோதிக்கொண்டார்கள்.

"என்ன மாமா, பெரிய கடைக்குப் போகலியா?"

"நீ போவேன்னு நினைச்சேன்டா."

பெரிய கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். "ரெண்டு பேரையும் காணோமேன்னு பாத்தேன். வேற சோப்புக் கம்பெனிலேர்ந்து புதுசா ஒரு பொண்ணு, தெருமுனையிலேர்ந்து வரிசையா வந்துச்சு. மேல்தட்டைக் குடுத்துட்டேன்."

குட்டிக் கடைக்காரர் பலகையை மைத்துனருக்குக் கொடுத்தார். அவர் கால்தான் முதலில் படியேறியதாம். மதியத்துக்குள் அந்தப் பெண்ணுக்கும் மைத்துனருக்கும் போக மிஞ்சியதை இவர் பொறுக்கினார். பாதியை எட்ட இன்னும் இரண்டு கடைகள் வேண்டும். நாற்சந்திக்கு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. இந்த நான்கில்தான் இன்னும் யாரும் நுழையவில்லை. சிவப்பு வண்டியும் வந்து பக்கத்தில் நின்றது. அது இவருடையதைவிட வேகமான வண்டி.

"நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்கு முன்னாடி நான் இருப்பேன் மாமா. சும்மா திரும்புங்க!"

இத்தனை வருடத்தில் இண்டிகேட்டர் காட்டிய பக்கம் இவர் திரும்பியதே கிடையாது. அது மைத்துனருக்கும் தெரியும். இவர் இடது இண்டிகேட்டரைப் போட்டார். சிவப்பு வண்டி சிரித்துக்கொண்டே வலப்பக்கம் பறந்தது.

இவர் நிதானமாக, கையையும் நீட்டிக் காட்டி, இடப்பக்கம் திரும்பினார்.