படலை வரைக்கும் ஒரு பாட்டு

சல்லிக் கிராமத்தில் யாராவது கண்ணை மூடினால், பந்தல்காரனுக்கு ஆள் போகிறதோ இல்லையோ, புஸ்பராணியின் வீட்டுக்கு ஆள் போய்விடும். அழுவதற்கும் ஓர் ஆளைக் கூப்பிட வேண்டுமா என்று நகரத்தில் கதிரையில் சாய்ந்திருந்து கதைக்கிறவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். தங்கள் வீட்டில் ஒன்று நடந்து, என்ன சொல்லி அழுவதென்று தெரியாமல் நிற்கிற அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கும். புஸ்பராணி வந்து தலைமாட்டில் இருந்து முதல் வரியை எடுத்தால், கல்லுப்போல நின்ற மருமகனும் மூக்கைச் சிந்துவான்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. செத்தவீட்டுக்குப் போனதும் பிரேதத்துக்குக் கிட்டப் போகமாட்டாள். நேரே அடுப்படிப் பக்கம், குசினிக்குப் போவாள். அங்கே நிற்கிற பெண்களிடம் மெல்லிய குரலில் விசாரிப்பாள். கடைசியாக என்ன சாப்பிட்டவர்? ஆர் தண்ணி பருக்கினது? ஆரைத் தேடினவர்? எல்லாவற்றையும் கேட்டு மனதில் போட்டுக்கொண்டுதான் ஒப்பாரியைத் தொடங்குவாள். அதனால் அவள் பாடிய பாட்டு ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்தாது. இதற்காக ஒருவரிடமும் அவள் கை நீட்டியதில்லை.

ஊரெல்லாம் பாடிய அவள் தன் கணவர் கதிரவேலுக்கு மட்டும் ஒரு வரிகூடப் பாடவில்லை. பாடவும் கூடாது. பதினெட்டு வருசத்துக்கு முன்னர் ஒருநாள் காலை, படகு என்ஜினுக்கு ஏதோ சாமான் வாங்கவென்று சைக்கிளில் நகரத்துக்குப் போனவர் அவர். பிறகு சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. யுத்தம் நடந்த அந்த வருசங்களில் திருகோணமலையில் அப்படிப் போனவர்கள் ஒருவர் இருவரல்ல. செத்தார் என்று தெரியாத ஒருவருக்கு ஒப்பாரி வைப்பது, உயிரோடு இருப்பவரைப் பாடையில் ஏற்றுவதற்குச் சமம். அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒப்பாரி சொல்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. "எத்தினை வருசத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கப் போறாய்? ஒரு நாளைக் குறிச்சு அந்தியேட்டிக் கிரியையைச் செய்துபோட்டு விடு" என்று சொன்ன சொந்தக்காரரின் வீட்டு வாசலை அவள் பிறகு மிதித்ததே இல்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். அடையாள அட்டை இலக்கம் என்ன, சேர்ட் என்ன நிறம், சாரம் என்ன நிறம், கடைசியாகக் கண்டவர் யார் என்று கேட்டார்கள். புது ஆட்கள் வந்தார்கள், அதையே திரும்பக் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி, அது உண்மையில் நீலச் சேர்ட்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன ஆவணியில்தான் மூச்சு பிடிக்கத் தொடங்கியது. அவள் வீட்டுச் சிறு ஒழுங்கையில் ஒரு கிழவரின் செத்தவீடு. மூன்றாவது வரியில் நெஞ்சு இறுகி, வாய் திறந்தபடி நிற்க, சத்தம் வரவில்லை. பெண்கள் தண்ணீர் தெளித்து, தூக்கிக்கொண்டுபோய்ப் படுத்தினார்கள். அடுத்த செத்தவீட்டிலும் அதுதான். பிறகு சும்மா இருக்கும்போதே வரத் தொடங்கியது. மகள் லக்சாயினி அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்த டொக்டர், "அம்மா, இதயத்தில ஒரு வருத்தமும் இல்லை. மூச்சுத்தான் மேலயே நிக்குது, கீழ இறங்குதில்லை" என்று சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

துண்டைக் கொண்டுபோன இடம் உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபம். புதன்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே பாயில் இருந்து மூச்சுப் பயிற்சி செய்வார்கள், பிறகு பாடுவார்கள். பத்மாசனி மிஸ் என்று முப்பது வயதுப் பெண் ஒருத்தி நடத்தினாள்.

"ஐம்பது வருசமா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற எனக்கு மூச்சு விடப் படிப்பிக்கினமாம்" என்று முதல் நாள் வீட்டுக்கு வந்து புஸ்பராணி மகளிடம் சொன்னாள். ஆனால் அடுத்த புதனும் போனாள். நாலு எண்ணும்வரை மூச்சை வயிற்றுக்குள் இறக்க வேண்டும், ஆறு எண்ணும்வரை மெல்ல விடவேண்டும். பிறகு காதிரண்டையும் பொத்தி, வாயை மூடி, வண்டு இரைகிற மாதிரி 'ம்' என்று இழுக்க வேண்டும். அந்த இரைச்சல் மண்டைக்குள்ளே போய், தாடை எலும்பில் அதிர்ந்து, மெல்ல மெல்ல நெஞ்சுக்கு இறங்கும். அதைச் செய்த அன்று அவள் விடியும்வரை நித்திரை கொண்டாள். அப்படி நித்திரை கொண்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

அவளுக்குப் பக்கத்துப் பாயில் கிண்ணியாவிலிருந்து வரும் நஜ்முன் நிஸா இருப்பாள். அறுபதைத் தொட்ட பெண், முக்காட்டை எந்நேரமும் சரிசெய்துகொண்டே இருப்பாள். முதலில் இதெல்லாம் தங்கள் ஆட்களுக்குச் சரிவருமோ என்று பயந்தவள்தான்; மந்திரம் ஒன்றும் இல்லை, மூச்சு மட்டும்தான் என்று கண்டபிறகு நிலைத்துவிட்டாள். சுனாமியில் அவளுடைய மூன்று வயது மகன் இஹ்ஸான் போய்விட்டான். ஒரு புதன்கிழமை அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவனுக்குப் பாடிய தாலாட்டைச் சின்னக் குரலில் பாடினாள். முடித்துவிட்டு, "இத்தின வருசத்துக்குப் பொறகு இண்டைக்குத்தான் பாடின. என்ட கையாலயே குளிப்பாட்டி அனுப்பின புள்ள" என்றாள்.

எல்லாரும் அழுதார்கள். புஸ்பராணிக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. இந்த மனுசிக்குப் போய் நிற்க ஒரு மண்ணாவது இருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பத்மாசனி மிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "புஸ்பராணியம்மா, இதுக்குள்ள உங்களுக்குத்தானே நல்ல குரல். உங்கட அவருக்கெண்டு ஒண்டு பாடுங்கோவன். உள்ளுக்க கிடக்கிறதெல்லாம் வெளிய வரட்டும்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் மட்டுவிலில் பிறந்து பல்கலைக்கழகத்தில் படித்து வந்த அந்தப் பிள்ளைக்கு, சல்லியில் இந்த மனுசி யார் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சது ஒப்பாரி ஒண்டுதான், மிஸ்" என்றாள் புஸ்பராணி. "அதை என்ர வாயால அவருக்குப் பாடச் சொல்லுறீங்களோ? ஊர் உலகமெல்லாம் அவர் செத்துப்போனாரெண்டு சொல்லட்டும். நானும் சேர்ந்து அவரைக் கொல்லவோ?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நிலாவெளி பஸ் வரும்வரை வெயிலில் நின்றாள்.

மூன்று புதன்கிழமைகள் அவள் போகவில்லை. இடையில் ஊரில் ஒரு செத்தவீடு வந்தது. காய்ச்சல் என்று சொல்லி அதற்கும் போகவில்லை. புஸ்பராணிக்கு இப்போது பவிசு கூடிவிட்டது என்று நாலு பேர் கதைத்தார்கள். கதைக்கிற வாய்க்கு என்ன, எதையாவது மெல்லத்தானே வேண்டும். வீட்டில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பின்னேரம் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது மூச்சு பிடித்தது. கத்தி கையிலிருந்து நழுவியது. லக்சாயினி அப்போதுதான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஓடிவந்து தாயைத் தன் நெஞ்சில் சாய்த்து, முதுகைத் தேய்த்து, "விடுங்கோ, மெல்ல விடுங்கோ" என்று கத்தினாள். மூச்சு திரும்பி வந்தபிறகு அவளுக்குப் பயம் கோபமாக மாறியது.

"அப்பா எப்பிடிக் கதைப்பார் எண்டுகூட எனக்குத் தெரியாது. அவர் போன அண்டைக்கு என்ன நடந்தது எண்டு ஒருநாளாவது எனக்குச் சொல்லியிருக்கிறீங்களா? கேட்டா எழும்பிப் போறீங்கள். இப்ப நீங்களும் இப்பிடிப் போனா, நான் ஆரிட்டப் போறதம்மா?"

புஸ்பராணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த புதன்கிழமை, காலையில் வந்த முதலாவது பஸ்ஸிலேயே மண்டபத்துக்குப் போனாள்.

பத்மாசனி மிஸ் வாசலுக்கே வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியாமப் போச்சுதம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் பாடவே வேண்டாம், மூச்சை மட்டும் பாருங்கோ." அன்றைக்கு மூச்சை மட்டும்தான் பார்த்தார்கள். நாலு, பிறகு ஆறு. பத்து மணிக்குப் பால் விடாத தேநீர், பிளேன்ரீ வந்தது. நஜ்முன் நிஸா தன் கோப்பையோடு கிட்ட நகர்ந்து இருந்தாள்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கவா? கோவிக்காதீங்க. அவரு போன அண்டைக்கு வீட்டில என்ன சாப்பிட்டுட்டுப் போன?"

புஸ்பராணியின் கையில் கோப்பை அப்படியே நின்றது. எத்தனை பேர், எத்தனை படிவம்! சேர்ட்டின் நிறத்தைக் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. எத்தனையோ குசினிகளில் நின்று எல்லாரிடமும் தான் கேட்ட கேள்வியை, தன்னிடம் கேட்க ஓர் ஆள் பதினெட்டு வருசம் கழித்து வந்திருக்கிறது.

"பிட்டு, ராத்தா" என்றாள், கிண்ணியாவில் அக்காவைக் கூப்பிடுகிற சொல்லால். "முதல்நாள் வைச்ச பாரைமீன் குழம்பும்."

"வயிறு நிறையச் சாப்பிட்டாரா?"

"இல்லை. பாதியில எழும்பிட்டார்."

"ஏன் தங்கச்சி?"

மறுமொழியாகச் சொல்லத்தான் மூச்சை எடுத்தாள். நாலு எண்ணும் அளவுக்கு அது உள்ளே இறங்கியது. வெளியே வரும்போது பாட்டாக வந்தது. அவளே அதை எதிர்பார்க்கவில்லை.

"பிட்டவிச்சு வைச்சிருந்தன் — என்ர ராசா
பாதியில எழும்பினியள்;
போக வேண்டாம் எண்டு சொன்னன் — என்ர ராசா
பிடிவாதம் பிடிச்சியளே..."

அவள் கண்ணை மூடியிருந்தாள். சைக்கிளை வெளியே எடுத்ததைப் பாடினாள். முற்றத்து மணலில் டயர் போன தடத்தைப் பாடினாள். வேலி வாசல் படலைக்கு வந்ததும் நெஞ்சு பழையபடி இறுகியது. நஜ்முன் நிஸா அவளுடைய முதுகில் கையை வைத்தாள். ஒருவரும் எண்ணவில்லை. மூச்சு தானாக மெல்ல இறங்கி வந்தது.

"போட்டு வாறன் எண்டு சொல்லி — என்ர ராசா
படலையில நிண்டியளே;
போட்டு வாங்கோ எண்டு சொல்ல — இந்தப்
பாவி வாய் திறக்கலையே..."

எங்கள் வீடுகளில் வெளிக்கிடுகிற ஒருவர் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போட்டு வாறன்' என்பார். வீட்டில் நிற்கிறவர் 'போட்டு வாங்கோ' என்று சொல்லி அனுப்ப வேண்டும். அன்றைக்கு ரோட்டில் சோதனை கடுமை, நாளைக்குப் போகலாம் என்று புஸ்பராணி மறித்தாள். அவர் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம். படலையில் நின்று அவர் சொன்னபோது, குசினிக்குள் நின்றுகொண்டு வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் பொறுத்து இரண்டாந்தரமும் சொன்னார். அதற்கும் அவள் பேசவில்லை. தான் சொல்லி அனுப்பாததால்தான் அவர் திரும்பி வரவில்லை என்று அவள் நம்பினாள். இதை எந்தப் படிவத்திலும் எழுத ஏலாது. பெற்ற மகளிடமும் சொல்ல ஏலாது.

பாட்டு அங்கே நின்றது. அதற்கு மேல் என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. தெரியாததை அவள் பாடவும் இல்லை. கண்ணைத் திறந்து, வாசல் பக்கம் பார்த்து, சாதாரணமாகக் கதைக்கிற குரலில், "போட்டு வாங்கோ" என்றாள். அந்தச் சொல்லோடு போன மூச்சு நீண்டுகொண்டே போனது. பிறகுதான் அழுதாள். அவள் வாயிலிருந்து வந்ததில் சாவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பயமில்லாமல் அழுதாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த லக்சாயினியை அடுப்படியில் இருத்தி, பிட்டிலிருந்து படலை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கோபத்தையும் மறைக்கவில்லை. மகள் ஏசுவாள் என்று நினைத்தாள். மகள் ஏசவில்லை.

"அப்ப நான் எங்க நிண்டனான் அம்மா?"

"நீ படலையிலதான் நிண்டனீ. நான் யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டிருந்தனான். சட்டையும் இல்லாம ஓடிப்போய் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. அவர் ரெண்டாந்தரம் சொல்ல, நீ கையைக் காட்டி, 'போத்து வாங்கோ' எண்டு சொன்னனீ. உனக்கு அப்ப வாய் திருந்தேல்லை. அவர் சிரிச்சு, உன்ர தலையைத் தடவிப்போட்டுத்தான் சைக்கிளில ஏறினவர்."

லக்சாயினி தாயை நிமிர்ந்து பார்த்தாள். தகப்பனைப் பற்றி அவளிடம் இருந்தது சுவரில் தொங்கும் ஒரு படம் மட்டும்தான். அவர் சிரித்தார் என்பதே அவளுக்குப் புதிது. அவளுடைய கை தன்னை அறியாமல் தலைக்குப் போனது.

"அப்ப ஆரும் சொல்லாம அப்பா போகேல்லைத்தானே, அம்மா" என்றாள். "நான் சொல்லித்தானே விட்டனான்."

புஸ்பராணி மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இருவரும் அழுத அழுகையில் பக்கத்து வளவுக்காரர், யாருக்கு என்னவோ என்று பயந்து வேலிக்கு ஓடிவந்தார்கள்.