தாத்தா தட்டிய கதவு

எங்கள் எஸ்டேட்டில் கிறிஸ்மஸ் தாத்தா யார் என்பது நண்டு சிண்டுகளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும், அதுதான் முறை. டிசம்பரில் கேரல் கூட்டம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் பாடிக்கொண்டு வரும்போது, சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடி ஒட்டிய முகமூடியுமாக முன்னால் ஆடி வந்தவர் என் வீட்டுக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, குள்ளமான ஒல்லி மனுஷர். தொப்பைக்கு என் தலையணையைத்தான் கட்டிக்கொள்வார். தன்னுடையது இருக்கும்போது என்னுடையது எதற்கு என்று வருஷாவருஷம் சண்டை போட்டிருக்கிறேன். உன்னுடையதுதான் மெத்தென்று இருக்கிறது என்பார். வியர்வையில் ஊறித் திரும்பும் அந்தத் தலையணையை இந்த மலைக் குளிரில் காயவைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

கடைசி வீடு எங்களுடையது. தாத்தா வாய் திறக்கக் கூடாது, கதவைத் தட்ட மட்டும் செய்வார். உள்ளே நான் கேக்கும் முறுக்கும் கோப்பியும் எடுத்து வைத்துவிட்டு, யாருங்க அது என்று கேட்பேன். பதில் வராது. மறுபடி தட்டுவார். “வீட்டுல ஆம்பள இல்லைங்க, அப்பறமா வாங்க” என்பேன். வெளியே கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு கதவைத் திறப்பேன். முன்பின் தெரியாதவர் போல என் கையைப் பிடித்துக் குலுக்குவார். எங்களுக்குக் கொஞ்சிப் பேசத் தெரியாது. தெரிந்த கொஞ்சல் அந்த வாசல் நாடகம் ஒன்றுதான்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பி, பூட்ஸ் மாட்ட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

டிசம்பர் வந்தது. துக்க வீட்டில் முதல் வருஷம் நட்சத்திரம் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. கோலாலம்பூரிலிருந்து மகள் தன்னிடம் வந்துவிடச் சொன்னாள். மாட்டேன் என்றேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்குத் தேநீர் விற்கும் எஸ்டேட் கடையில் எனக்கு வேலை. அங்கே நாள் முழுக்க கிறிஸ்மஸ் பாட்டுப் போடுவார்கள். கப் கழுவிக்கொண்டே அழுவேன். யாராவது பார்த்தால் சோப்பு பட்டுவிட்டது என்பேன்.

கேரலுக்கு முதல் நாள் அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் வீட்டுக்கு வந்தார். கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், பனைமரம் போல உயரம். உள்ளே வராமல் தன் செருப்பைப் பார்த்தபடியே பேசினார்.

“அக்கா, இந்த வருசம் தாத்தா வேசம் வேணாம்னு பேசிக்கிட்டோம். ஒங்க வீட்டுக்கும் வரல. ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லா.”

நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு வந்ததே ஒரு கோபம்! என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து என்னைக் கண்டால் எல்லாரும் சிரிப்பை விழுங்கிக்கொள்கிறார்கள். இப்போது என்னைச் சாக்கு வைத்துப் பிள்ளைகளிடமிருந்து தாத்தாவையும் பறிக்கிறார்கள். மனுஷர் போனது போதாதா, அவருடைய ஆட்டமும் போக வேண்டுமா?

அங்கியை எடுத்து வந்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். அவருக்குத் தோள்வரைகூட ஏறவில்லை. இரண்டு கையும் மாட்டிக்கொண்டு அவர் தவித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. என் வீட்டுக்காரரும் நானும் ஒரே உயரம்.

“நான் போடறேன்” என்றேன்.

ஜனங்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்கினார். தாத்தாதான் பேச மாட்டாரே, யாரென்று யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

மறுநாள் சாயங்காலம் பிளாஸ்கில் கோப்பி ஊற்றி வைத்து, கடையில் வாங்கிய கேக்கை வெட்டி மூடிவிட்டு அங்கியை மாட்டினேன். பூச்சி உருண்டை வாசனைக்கு அடியில் என் வீட்டுக்காரரின் வியர்வை வாசனை. பையில் முந்தின கிறிஸ்மஸ் மிட்டாய் காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தது. தொப்பைக்கு அவருடைய தலையணையை எடுத்துக் கட்டினேன். கல் மாதிரி இருந்தது. இதில்தான் தலைவைத்துப் படுத்தாரா அத்தனை வருஷமும்? ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே.

முதல் வீட்டில் கால் எழவில்லை. முகமூடிக்குள் என் மூச்சே திரும்பி வந்து முகத்தில் அடித்தது. அந்த வீட்டுச் சின்னப் பெண் வந்து என் விரலைப் பிடித்தாள். அவளுக்காக ஒரு காலைத் தூக்கினேன், பிறகு மற்றதை. அவர் இடுப்பை வளைக்கிற மாதிரியே வளைத்தேன். பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். எஸ்டேட் வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்கள் தங்கியிருக்கும் லயத்தில் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். முகமூடிக்குள் நான் அழுதுகொண்டேதான் இருந்தேன், ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. அழுகை நிற்கட்டும், அப்புறம் சிரிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் எனக்கு வரவே போவதில்லை. யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது எவ்வளவு நன்றாக இருந்தது.

கடைசி லயத்தில் பாட்டு தானாகத் தணிந்தது. இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று லோரிக்காரர் காதருகில் சொன்னார். நான் கேட்காமல் நடந்தேன். நட்சத்திரம் இல்லாத என் வீடு இருட்டாக இருந்தது. தாத்தா தட்டித்தான் ஆக வேண்டும். தட்டினேன். உள்ளே ஆள் இல்லை என்று தெரியும், இருந்தும் காத்திருந்தேன். மறுபடி தட்டினேன்.

எங்கள் பின்னாலேயே வந்திருந்த அந்தச் சின்னப் பெண், என் குரலை அப்படியே இழுத்துச் சொன்னாள்.

“வீட்டுல ஆம்பள இல்லைங்க, அப்பறமா வாங்க.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். நான் திரும்பி அந்தக் கையை விலக்கிவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவினேன். பிறகு அங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். வாசலில் நின்று, உள்ளே போன ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, முன்பின் தெரியாதவர்கள் போலக் குலுக்கினேன்.

எல்லாரும் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றிருந்தேன்.